வாப்பாவின் கட்டிலுக்கடியில் இருந்த பிக்சர் டியூப்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் இருந்த கேம் கடை, இப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நம்ம ஊர் ஆண்கள் பலருக்கு மறந்திருக்காது. ஐந்து ரூபாய்க்கு ஒரு டோக்கன். உள்ளே ஆள் உயரத்தில் மூன்று மரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடித் திரை, அதற்குக் கீழே இரண்டு பேருக்கான பிடியும் பொத்தான்களும். ரியூசன் முடிந்து வரும் பொடியன்மார் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனால், மஃரிப் பாங்கு கேட்கும்வரை வெளியே வரமாட்டார்கள். பெண் பிள்ளைகள் நாங்கள் அந்த ஒழுங்கையால் போகும்போது கதவுச் சீலையின் இடைவெளியில் நீல வெளிச்சம் தெரியும், அடிபிடிச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கடை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கடைக்காரர் இப்போது உயிரோடு இல்லை. மூன்று பெட்டிகளில் இரண்டு எப்போதோ விறகாகிவிட்டன. மிஞ்சிய ஒன்று அவர்களது வீட்டுப் பின்கட்டில் நெல் மூட்டைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது. வீடு திருத்தும்போது அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம் என்று மகன் பின் பலகையைக் கழற்றியிருக்கிறார். உள்ளே மரத்தில் பென்சிலால் சில திகதிகளும், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கையெழுத்தும் இருந்தன. 1998, 1999, 2001. திருத்திய ஒவ்வொரு முறையும் வைத்த கையெழுத்து. அது எங்கள் வாப்பாவுடையது.

அவர் பெட்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "மாமா, இது இனிச் சரிவருமா? ஏலாதென்டா ஏலாதென்டு நீங்களே சொல்லுங்க. நான் கொடுத்திர்ரன்" என்றார்.

வாப்பாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. அந்த நாட்களில் புறக்கோட்டையில் ஒரு ரேடியோக் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தவர், டீவி திருத்தவும் அங்கேயே கற்றுக்கொண்டு ஊருக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் நம்ம ஊரில் எத்தனையோ வீட்டு டீவியின் பின் பக்கத்தைப் பார்த்தவர். தட்டையான டீவி வந்த பிறகு வேலை குறைந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதோடு கடையையும் பூட்டிவிட்டார். பேச்சு திரும்பிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கால் பரவாயில்லை. கை மட்டும் வரவில்லை. அந்த இரண்டு வருடமும் அவர் திண்ணையில் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ரேடியோவைக் கொண்டு வந்தால், "நான் இப்ப அந்த வேலை செய்றல்ல" என்பார். அதை எப்படிச் சொல்வாரென்றால், கடனுக்குச் சாமான் கேட்டவருக்கு மறுமொழி சொல்வது மாதிரி. முகத்தைப் பார்க்கமாட்டார்.

அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கண்டதும் எழும்பி வந்தார். பின்பக்கம் டோர்ச் அடிக்கச் சொன்னார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "டியூப் மௌத்து" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பிக்சர் டியூப்பின் கழுத்துக்குள்ளே வெள்ளி பூசியது மாதிரி ஒரு பளபளப்பு இருக்கும். உள்ளே மிச்சம் மீதியாக இருக்கும் வாயுவைப் பிடித்து வைப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே பூசிவிடுவது. எங்கேயாவது வெடித்துக் காற்று புகுந்தால் அந்த வெள்ளி பால் நிறத்துக்கு மாறிவிடும். இதில் அப்படியே மாறியிருந்தது. கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. நெல் மூட்டை சாய்ந்திருக்கலாம். மற்றப்படி கேம் போர்ட் இருக்கிறது, மின் வழங்கி இருக்கிறது, வயர்களை எலி தொடவில்லை.

"எல்சிடி ஒன்டு போட்டா என்ன மாமா?" என்று கேட்டார் மகன்.

"போடலாம். அதுக்கு ஒரு மாத்துற போர்ட் வேணும். படம் வரும். ஆனா இந்தப் பெட்டி இந்தக் கண்ணாடிக்குச் செஞ்சது" என்றார் வாப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "மகள், என்ட கட்டிலுக்குக் கீழ ஒரு பெட்டி இரிக்கு. தனியத் தூக்காதீங்க. மருமகனக் கூப்பிடுங்க" என்றார்.

அந்த அட்டைப் பெட்டியை நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். உம்மா எத்தனையோ தடவை அதை வெளியே போடச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறார். உள்ளே பழைய சாரனால் சுற்றிய 20 அங்குல பிக்சர் டியூப் ஒன்று இருந்தது. இடி விழுந்து போர்ட் எரிந்த ஒரு டீவியிலிருந்து கழற்றியது. சொந்தக்காரர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், இரண்டாம் முறை கேட்டு ஒப்புதல் வாங்கித்தான் எடுத்து வைத்தாராம். அவரிடம் இருந்த கடைசி டியூப் அது. இந்த அளவில் புதிதாக ஒன்று வாங்க இனி எந்தக் கடைக்கும் போக முடியாது. விழுந்தால் முடிந்தது கதை.

தூக்க ஆள் இருந்தது. டியூப் இருந்தது. தெரிந்தவரும் இருந்தார். கை மட்டும் இல்லை. "நான் செய்றன் வாப்பா, நீங்க சொல்லித் தாங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஸ்கூல்ல கண்ணுக்குப் போடுற கண்ணாடி இரிக்கா?" என்று கேட்டார். ஆய்வுகூடக் கண்ணாடியைத்தான் சொல்கிறார். அதுதான் அவருடைய சம்மதம்.

நான் தரம் 10க்கும் 11க்கும் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கல்வியியற் கல்லூரியில் இலத்திரனைப் பற்றியும் கொள்ளளவியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். 1897இல் ஜேர்மனியில் கார்ல் ஃபெர்டினான்ட் பிரவுன் இந்த வகை டியூப்பைச் செய்ததும் தெரியும். ஆனால் அந்த மூன்று சனிக்கிழமைகளில் வாப்பா சொன்ன எதுவும் எந்தக் குறிப்பேட்டிலும் இருந்ததில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதல் சனிக்கிழமை ஒரு ஆணியும் கழற்றவில்லை. பொருத்தம் மட்டும் பார்த்தோம். கல்யாணப் பொருத்தம் மாதிரி அதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. கழுத்தின் தடிப்பு ஒன்றா, பின்னால் உள்ள ஊசிகளின் எண்ணிக்கையும் ஒழுங்கும் ஒன்றா, உள்ளே சூடேற்றும் கம்பிக்கு ஒரே 6.3 வோல்ட்டா என்று பார்த்தோம். பிறகு கழுத்தைச் சுற்றி இருக்கும் செப்புச் சுருள். 'யோக்' என்பார்கள். பின்னாலிருந்து வரும் இலத்திரன் கற்றையை அதுதான் காந்தத்தால் இழுத்துத் திரை முழுக்க ஓட விடுகிறது. இடமிருந்து வலமாக வினாடிக்கு 15,000 தடவைக்கு மேல் ஓடுகிறது. மேலிருந்து கீழே கேம் மெஷினில் கிட்டத்தட்ட 60 தடவை, நம்ம டீவியில் 50 தடவை. டீவியிலிருந்து எடுத்த டியூப் கேம் மெஷினுக்குப் பொருந்துவதற்குக் காரணம், டியூப் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை என்பதுதான். கணக்குப் பார்ப்பது கீழே இருக்கும் போர்ட். ஆனால் அந்த போர்ட்டுக்குத் தன்னுடைய பழைய சுருளுக்குக் கிட்டத்தட்ட ஒத்த சுருள் வேண்டும். நான் மீற்றரை வைத்து வாசித்தேன், வாப்பா தலையை ஆட்டினார். கிடைச் சுருள் இரண்டிலும் ஒன்றுதான். நிலைச் சுருளில் சின்ன வித்தியாசம். "பரவாயில்ல, உயரத்தப் போர்ட்டுல கூட்டிக் குறைக்கலாம்" என்றார்.

டியூப்பையும் அதன் யோக்கையும் பிரிக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். தொழிற்சாலையில் அந்த டியூப்புக்கென்றே யோக்கை வைத்து, ரப்பர் ஆப்பு இறுக்கி, கழுத்தில் உள்ள சின்னக் காந்த வளையங்களைத் திருப்பிப் பார்த்து, மூன்று நிறமும் ஒரே புள்ளியில் விழும் இடத்தில் மை பூசி விட்டிருப்பார்கள். "அந்த மைய ஒடைச்சீங்கென்டா ஒரு கிழமைக்கு நித்திர இல்ல" என்றார். ஆகவே யோக்கோடு சேர்த்தே பொருத்த முடிவு செய்தோம்.

இரண்டாம் சனிக்கிழமை பழையதை இறக்கினோம். அதற்கு முதல் வாப்பா எனக்கு ஒரு பாடம் எடுத்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் டியூப்புக்குள் மின்சாரம் இருக்கும். கூம்பு மாதிரி விரியும் கண்ணாடியின் உட்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் கடத்தும் பூச்சு இருக்கிறது. இரண்டு தகடு, நடுவில் கண்ணாடி. கொள்ளளவி என்று கரும்பலகையில் நான் கீறுவது அப்படியே இதுதான். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இதற்குள் ஏறுவது 20,000 வோல்ட்டுக்கு மேல். அதை இறக்கும் முறையில் அவர் கடும் பிடிவாதம். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றில் வயர் கட்டி, வயரின் மற்ற முனையை டியூப்பின் பின்னால் ஓடும் நிலக் கம்பிப் பின்னலில் கவ்வி வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ரப்பர் மூடிக்குக் கீழே முனையைத் தள்ள வேண்டும். ஒரு கை வேலை செய்யும்போது மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு கையும் தொட்டால் மின்சாரம் நெஞ்சுக் குறுக்கால் போகும்.

"எங்கட உஸ்தாத் ஒரு கைய சாரன் மடிப்புல சொருகச் சொல்லுவாரு. இப்ப எனக்கு அந்தச் சட்டம் லேசி" என்றார். தன் வலது கையைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குச் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். பாரிசவாதம் வந்த பிறகு தன் கையைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

பழையதில் ஒன்றும் இல்லை, அது செத்துப் பல வருடம். இருந்தாலும் செய்யவைத்தார். "இல்லாத இடத்துல பழகினாத்தான் இரிக்கிற இடத்துல கை போகும்."

புதியதைத் தூக்கும்போதுதான் பயம். உள்ளே வெற்றிடம், வெளியே வளிமண்டலம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்று வைத்தாலும், 20 அங்குலத் திரையின் முகத்தில் மட்டும் ஒரு தொன்னுக்கு மேல் அமுக்கிக்கொண்டிருக்கிறது. முகக் கண்ணாடி தடிப்பு, கழுத்து மெல்லிசு. கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அதில் தட்டுப்பட்டாலும் போச்சு. நானும் கணவரும் கண்ணாடி போட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, திரையை நெஞ்சுப் பக்கம் அணைத்து, கீழிருந்து தாங்கித் தூக்கினோம். கைக்குழந்தையைத் தூக்குவது போலத்தான், ஆனால் இந்தக் குழந்தை பத்துக் கிலோவுக்கு மேல். நிலத்தில் மூன்று மடிப்புப் போர்வை. முகம் கீழே, கழுத்து மேலே.

டியூப்பின் முகத்தைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டி இறுக்கியிருக்கும். அதன் நான்கு மூலையிலும் காது மாதிரி நான்கு தகடு, ஒவ்வொன்றிலும் ஒரு துளை. டியூப் பெட்டியில் தொங்குவது இந்த நான்கு காதில்தான். பழைய டியூப்பின் காதும் புதிய டியூப்பின் காதும் ஒரே இடத்தில் வரவில்லை. சில மில்லிமீற்றர் வித்தியாசம். சும்மா இழுத்து முடுக்கினால் என்ன என்று மற்றவர்கள் கேட்டபோது வாப்பா கையை உயர்த்தித் தடுத்தார். பட்டியில் வரும் இழுவை கண்ணாடிக்குப் போகும். ஆகவே பெட்டியின் இரும்புச் சட்டத்தில் துளையை அரத்தால் நீட்டினோம். முகம் முன்னால் உள்ள கறுப்புச் சட்டத்தோடு சமமாக வருவதற்குப் பலகைத் துண்டுகள் சீவி இடையில் வைத்தோம். அதற்கு மேல் சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி வொஷர். நான்கு போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஓட விட்டு, பிறகு குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று, அடுத்ததில் அரைச் சுற்று. வாப்பா நிறுத்தச் சொன்ன இடத்தில் எனக்கு இன்னும் இறுக்க வேண்டும் போல் இருந்தது. "போதும். அது விழாம இரிக்கணும், அவ்வளவுதான். நெரிபடப் போடாது" என்றார்.

பிறகு நிலக் கம்பிப் பின்னல். டியூப்பின் பின்பக்கத்துக் கரி நிறப் பூச்சில் நன்றாகப் பதியும்படி சுருள்வில்லால் இழுத்துக் கட்டி, அதன் வயரைக் கழுத்து போர்ட்டுக்குக் கொண்டுபோனோம். இது தொடாமல் விட்டால் மேலே சொன்ன உயர் மின்சாரம் தனக்கு ஒரு வழி தேடும், போர்ட்டைச் சுடும். பெட்டியின் அடியில் செங்கல் அளவில் ஒரு டிரான்ஸ்போமர் இருக்கிறது. மெயின் மின்சாரத்திலிருந்து திரை போர்ட்டைப் பிரித்து வைப்பது அது. அதைக் கழற்றிவிட்டு நேரே கொடுத்தாலும் வேலை செய்யும் என்று எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்றாம் சனிக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு வந்து பிளக்கைப் போட்டோம். கடைக்காரரின் மகன், கணவர், உம்மா, எட்டு வயது மகள், பக்கத்து வீட்டார் என்று முற்றம் நிறைந்துவிட்டது. முதலில் கழுத்துக்குள்ளே செம்மஞ்சளாக ஒரு சின்ன வெளிச்சம். பிறகு திரையில் கை வைத்தால் மயிர் கூச்செறியும் அந்தச் சரசரப்பு. பழைய டீவி போடும்போது கேட்ட அதே சத்தம். பிறகு படம்.

படம் வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல் மாறி இருந்தது. மகள்தான் முதலில் கண்டாள். "மூத்தவாப்பா, எழுத்து ஓதுற கிதாபு மாதிரி வலப்பக்கமிருந்து ஓடுது!" என்றாள். முற்றமே சிரித்தது. வாப்பாவுக்கு ஆச்சரியமில்லை. வேறு வேறு கம்பனிக்காரர் வேறு வேறு நிறத்தில் வயர் போடுவார்கள், போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். கிடைச் சுருளின் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் சரி.

பிளக்கைப் பிடுங்கினேன். இந்த முறை உள்ளே உண்மையாகவே இருந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரை ரப்பருக்குள் தள்ளினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். ஆனால் அதைக் கேட்டபோது எனக்குக் கால் நடுங்கியது. முடிந்தது என்று எழும்பப் போனேன். "இருங்க மகள். பத்து நிமிஷம் இருந்து இன்னொருக்காத் தொடுங்க" என்றார் வாப்பா. ஏன் என்றேன். "அது திரும்ப ஊறும்." பத்து நிமிடத்துக்குப் பிறகு தொட்டேன். மெல்லியதாக இன்னொரு 'டிக்'. கண்ணாடிக்குள்ளே உறிஞ்சப்பட்டிருந்த மின்னேற்றம் மெதுவாக வெளியே வந்து மறுபடி சேர்கிறது. இதற்கு ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியும். வாப்பாவுக்குத் தெரியாது. ஆனால் என் உயிருக்குப் பயன்பட்டது அவருக்குத் தெரிந்ததுதான்.

வயரை மாற்றி மறுபடி போட்டபோது எழுத்து நேராக வந்தது. மூலைகளில் மட்டும் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகக் கறை. டியூப்புக்குள் ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. அதில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் ஒவ்வொரு கற்றையும் தன் நிறத்துக்குப் போகிறது. அது காந்தமேறியிருந்தால் கற்றை விலகிப் பக்கத்து நிறத்தில் விழும். இத்தனை வருடம் ஒரே கட்டிலுக்கடியில், ஒரே திசையில் கிடந்த டியூப். இதற்கென்று வாப்பா தானே சுற்றிய ஒரு கம்பி வளையம் அலுமாரி மேல் இருந்தது. அதை நான் கேட்டபோது தரவில்லை. இடது கையால் தானே வாங்கிக்கொண்டார். திரைக்கு முன்னால் வட்டமாகச் சுழற்றி, சுழற்றியபடியே ஓரடி ஓரடியாகப் பின்னால் வந்தார். திரையில் நிறமெல்லாம் சேலை அலசுவது மாதிரி அலைந்தது. ஆறேழு அடி பின்னால் வந்து வளையத்தைத் திருப்பிப் பிடித்து அணைத்தபோது திரை வெள்ளை வெளேரென்று நின்றது. கால் தடுமாறும் என்று பின்னால் கணவர் நின்றார். பிடிக்கத் தேவைப்படவில்லை.

கடைசி வேலை நிறம் சரிபார்ப்பது. திருப்பும் குமிழ்கள் பின்னால், படம் முன்னால். கடையில் தனியாக இருக்கும்போது திரைக்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாத்தி வைத்துக்கொள்வாராம். அன்றைக்கு அது தேவையில்லை. அவர் முன்னால் கதிரையில் இருந்தார், நான் பின்னால். "சிவப்பு கொஞ்சம் இறக்குங்க. பச்சை கூட்டுங்க. போதும். திரும்ப ஒரு நூல் இறக்குங்க." பெட்டிக்கு மறுபக்கத்திலிருந்து அவருடைய குரல் மட்டும் கேட்டது. ஒரு மணித்தியாலம் அப்படிப் போனது. இரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் தொடர்ந்து பேசிய மிக நீண்ட நேரம் அதுதான்.

கடைக்காரரின் மகன் தன் வாப்பாவின் மேசை இழுப்பறையில் இருந்த ஒரு டோக்கனைக் கொண்டு வந்திருந்தார். போட்டார். முதல் ஆட்டத்திலேயே தோற்றார். இவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு வளர்ந்த மனிதர் கேமில் தோற்றுவிட்டுக் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்ததில்லை. அடுத்தது என் மகள் ஆடினாள். அந்த ஒழுங்கையின் கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்தது இதுதானா என்று நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதற்குப் பிறகு இரண்டு விதமான பேச்சு என் காதுக்கு வந்தது. ஒன்று, "டீச்சர் பிள்ளைகளுக்கு கேம் பழக்குறாவாம்." பெட்டி இப்போது உரியவர் வீட்டுக்குப் போய்விட்டது. காசுக்கு ஆட விடப் போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். இன்றைக்குப் பிள்ளைகளின் நேரத்தைத் தின்பது சுவரோரம் நிற்கும் அந்தப் பெட்டியில்லை, நம் எல்லோருடைய கையிலும் இருப்பது என்று மட்டும் சொல்லி விடுகிறேன். மற்றது, "பொம்புளப் புள்ள செய்ற வேலையா இது?" அதற்கு மறுமொழி எழுத நினைத்தேன். அதைவிட வாப்பாவிடம் நான் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்கிறேன்.

வாப்பாவிடம் ஆறேழு பொடியன்மார் வேலை பழகினார்கள். பெரும்பாலானோர் இப்போது கத்தாரிலும் சவூதியிலும் ஏசி திருத்துகிறார்கள். ஒருவரும் இனி டியூப் தொடப் போவதில்லை. நான் அதே வீட்டில், அதே கடைக்குப் பக்கத்து அறையில் இருந்து விஞ்ஞானம் பாடமாக்கியவள். "எனக்கு ஏன் வாப்பா அப்பவே சொல்லித் தரல்ல?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "நீங்க படிக்கிற புள்ள என்டு நெனச்சன் மகள். இதுவும் படிப்பு என்டு எனக்கே அப்ப தெரியா" என்றார்.

அந்த மறுமொழி இன்னும் எனக்குள் கிடக்கிறது. நம்ம ஊரில் வலை பின்னுபவர், படகுக்கு ஓட்டை அடைப்பவர், தையல் மெஷின் திருத்துபவர், கைத்தறி கட்டுபவர் என்று எத்தனையோ பேர் திண்ணையில் இருக்கிறார்கள். கை ஓய்ந்தால் வேலையும் ஓய்ந்தது என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். அறிவு கையில் இருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் யாராவது பக்கத்தில் இருந்து கேட்டால் அது வாயாலும் வரும். கேட்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் எல்லோருக்கும் பயன்படும் சில விடயங்கள். தயவுசெய்து கவனமாக வாசியுங்கள்.

ஒன்று. மேலே எழுதியதைப் பார்த்து யாரும் பழைய டீவியைத் திறக்க வேண்டாம். முப்பது வருட அனுபவம் பக்கத்தில் இருந்ததால்தான் நான் தொட்டேன். பிளக்கைப் பிடுங்கிய டீவி பாதுகாப்பானது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை.

இரண்டு. குப்பை கொட்டும் இடத்தில் செப்புக் கம்பிக்காகப் பொடியன்மார் டியூப்பின் கழுத்தைக் கல்லால் அடித்து உடைப்பதை நானே கண்டிருக்கிறேன். கண்ணாடி பறக்கும், கண் போகும். அது போதாதென்று அந்தக் கூம்புக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைத்து மண்ணில் விட்டால் அது கிணற்றுத் தண்ணீர் இருக்கும் மண். நம்ம ஊரில் தண்ணீர் எவ்வளவு மேலே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்று. வீட்டில் பழைய டீவி இருந்தால் உடைக்காமல், மழை படாத இடத்தில், திரை சுவர்ப் பக்கம் பார்க்க வையுங்கள். மின்கழிவு சேர்க்கும் நாள் அறிவிக்கப்படும்போது முழுதாகக் கொடுங்கள். நாங்கள் கழற்றிய பழைய டியூப்பையும் அதே சாரனில் சுற்றி, அதே அட்டைப் பெட்டியில் போட்டு அப்படித்தான் வைத்திருக்கிறோம். உம்மா இப்போது அதற்கும் சண்டை பிடிக்கிறார்.

கடைசியாக ஒன்று. தரம் 11இல் படிக்கும் இரண்டு பிள்ளைகள், இருவரும் பெண் பிள்ளைகள், பெற்றோரின் சம்மதத்தோடு சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். டியூப் இல்லை, ரேடியோவில் தொடங்கியிருக்கிறார்கள். போன கிழமை ஈயம் பிடிக்கப் பழகினார்கள். வாப்பா திண்ணையில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் குறிப்பெடுக்கிறேன். உங்கள் வீட்டில் வேலை செய்யாத ரேடியோ, பழைய சேர்விஸ் புத்தகம், உடைந்த மீற்றர் ஏதாவது இருந்தால் எறியாமல் எங்களுக்குத் தாருங்கள். திருத்த முடிந்தால் திருத்தித் தருவோம், கூலி வேண்டாம். முடியாவிட்டால் ஏன் முடியாது என்று சொல்லித் தருவோம்.

ரேடியோவைக் கொண்டு வருபவரிடம் வாப்பா இப்போது "நான் அந்த வேலை செய்றல்ல" என்று சொல்வதில்லை. "வெச்சிட்டுப் போங்க, சனிக்கிழம புள்ளைகள் பாக்குங்க" என்கிறார்.

அவருடைய சுகத்துக்காக துஆச் செய்யுங்கள்.